சாமுண்டி மலைப் படிகளில் எடை கரைவதில்லை

மைசூரில் விடியற்காலை வெளியே வந்து பார்த்தால் பாதி ஊர் நடந்துகொண்டிருக்கும். குக்கரஹள்ளி ஏரிக்கரை, லிங்காம்புதி ஏரி, குவெம்பு நகரின் சின்னச் சின்னப் பூங்காக்கள், சாமுண்டி மலைப் படிகள் என்று எங்கே போனாலும் வேகமாக வீசி நடக்கும் ஆட்கள். எழுத்தாளர்கள் ஆர்.கே. நாராயணும் குவெம்புவும் நடந்த ஊர் இது. நடப்பதற்கு இதைவிட நல்ல ஊர் தென்னிந்தியாவில் குறைவு. ஆனால் அந்தக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களை நிறுத்தி, எதற்காக நடக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "வெயிட் குறைக்கணும்" என்பார்கள். டாக்டர் சொல்லியிருப்பார், மகள் சொல்லியிருப்பாள், கைபேசியில் ஏதாவது வீடியோ சொல்லியிருக்கும். மூன்று மாதம் கழித்து அதே இடத்துக்குப் போனால் அவர்களில் நிறையப் பேரைக் காணோம். எடை இயந்திரத்தின் முள் அசையவில்லை என்று மனம் வெறுத்துப் போயிருப்பார்கள். வீட்டில் உள்ளவர்களும் "உனக்கு விடாமுயற்சி கிடையாது" என்று ஒரு குத்து குத்தியிருப்பார்கள்.

அவர்களிடம் குறை இல்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்ட விஷயம் தப்பு. நடந்தால் எடை குறையும், சாப்பிட்டதை உடற்பயிற்சியில் எரித்துவிடலாம் என்பது இன்று டாக்டர் வீட்டுத் திண்ணை முதல் ஜிம் விளம்பரப் பலகை வரை எல்லோரும் சொல்லும் பேச்சு. நான் அதை முழுசாக மறுக்கிறேன். எடையைக் குறைப்பது பெரும்பாலும் தட்டு. உடற்பயிற்சிக்கு வேறு வேலைகள் உண்டு. அவை எடையைவிட முக்கியமான வேலைகள். தட்டு செய்ய வேண்டியதை உடற்பயிற்சியிடம் கேட்டதால்தான் இரண்டுமே நமக்குக் கைகூடாமல் போகின்றன.

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறார். நாற்பதைத் தாண்டியவர், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஓர் ஆஷாட வெள்ளிக்கிழமை சாமுண்டி மலைப் படியேறிவிட்டு வந்தவர், "அக்கா, ஆயிரம் படி ஏறியிருக்கேன். இன்னிக்கு ரெண்டு வெண்ணெய் தோசை சாப்பிட்டாலும் கணக்கு நேராயிடும்" என்றார். அவருக்கு ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கேயும் போடுகிறேன்.

சாமுண்டி மலையின் உச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,060 மீட்டர். மைசூர் நகரமே 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே படியேறி நாம் கடக்கும் உயரம், தாராளமாக வைத்துக்கொண்டாலும், 300 மீட்டர். எழுபது கிலோ உடம்பை 300 மீட்டர் தூக்குவதற்கு இயற்பியல் கேட்கும் ஆற்றல் சுமார் 2 லட்சம் ஜூல். கலோரிக்கு மாற்றினால் ஐம்பதுகூட வராது. நம் தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் வேலையாக மாறுகிறது, மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. ஆக மொத்தச் செலவு 200 முதல் 250 கலோரி. இறங்கி வருவதில் செலவு மிகக் குறைவு. மூச்சு வாங்கி, நந்தியின் அருகே உட்கார்ந்து, முழங்கால் நடுங்க ஏறியதற்கு உடம்பு எழுதிய பற்று அவ்வளவுதான்.

இனி வரவு. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் மட்டும் நூறு கலோரி இருக்கிறது. இரண்டு வெண்ணெய் தோசை, தேங்காய்ச் சட்னி என்றால் ஐந்நூறைத் தாண்டும். சரி, தோசை வேண்டாம், ஒரே ஒரு மைசூர் பாகு என்று வைத்துக்கொள்வோம். கடலை மாவு, சர்க்கரை, நெய் மூன்றும் சேர்ந்த பண்டம். கிராமுக்கு ஐந்து கலோரிக்கும் மேலே. நாற்பது கிராம் எடையுள்ள ஒரு துண்டு, மலையேறிய மொத்த உழைப்பையும் சமன் செய்துவிடும். வாயில் போட்டால் அரை நிமிடத்தில் கரைந்துவிடுகிற துண்டு அது.

நடைக்கும் இதே கதைதான். எழுபது கிலோ ஆள் நாலு கிலோமீட்டர் நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடியதைக் கழித்துவிட்டுப் பார்க்கையில், சுமார் 140 கலோரி. நாளைக்கு நாலு காபி, காபிக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் அந்தச் சர்க்கரை மட்டுமே 160 கலோரி. முக்கால் மணி நேரம் வேகமாக நடந்த பலனை, காபியில் சர்க்கரை போடாமல் விட்டாலே அடைந்துவிடலாம். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்கிறார்களே, அந்த எண்கூட ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததில்லை. 1965-இல் ஜப்பானில் ஒரு நடையளவுக் கருவியை விற்பதற்காக வைத்த எண்.

"அப்படியானால் தினமும் 140 கலோரி, ஒரு மாதத்துக்கு 4,200, உடம்பின் ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி. இரண்டு மாதத்துக்கு ஒரு கிலோவாவது குறைய வேண்டாமா?" என்று கணக்குத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். காகிதத்தில் குறையும். உடம்பில் அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஏரோபிக் பயிற்சியை மட்டும் ஆறு மாதம், ஓராண்டு செய்தவர்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சராசரி எடைக் குறைவு இரண்டு கிலோவைக்கூடத் தொடவில்லை. ஏன் என்பதற்கான விடை நம் நாட்டிலேயே எழுபது ஆண்டுகளுக்கு முன் கிடைத்துவிட்டது.

1956-இல் ழான் மேயர் என்ற சத்துணவியலாளரும் அவருடைய சகாக்களும் கல்கத்தாவுக்கு அருகே ஒரு சணல் ஆலையில் இருநூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் சாப்பாட்டையும் எடையையும் ஆராய்ந்தார்கள். கடையில் உட்கார்ந்தே இருப்பவர், கணக்குப்பிள்ளை, நெசவாளி, சணல் பொதி சுமப்பவர், கரி அள்ளிப்போடுபவர் என்று வேலையின் கடுமை படிப்படியாகக் கூடியது. ஓரளவு உழைப்பவர்களுக்கு மேலே, வேலை கூடக்கூடச் சாப்பாடும் அதே அளவுக்குக் கூடியது. எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. செலவழித்ததை உடம்பு பசியாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. இந்த ஆய்வில் இன்னொரு பாதியும் உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். அசையாமல் உட்கார்ந்தே இருந்தவர்கள் பொதி சுமப்பவர்கள் அளவுக்குச் சாப்பிட்டார்கள், எடையும் அவர்களுக்குத்தான் கூடுதல். அதாவது கொஞ்சமாவது உடம்பு அசையாவிட்டால் பசிக்கே அளவு தெரியாமல் போகிறது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இதுவே போதிய காரணம். ஆனால் எழுந்த பிறகு இன்னும் இன்னும் ஓடினால் இன்னும் இன்னும் இளைக்கலாம் என்பதற்கு அந்த ஆலையில் சான்று எதுவும் இல்லை.

தான்சானியாவின் ஹட்சா மக்களைப் பற்றி ஆய்வாளர் ஹெர்மன் பான்ட்சர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் அந்த மக்களில் ஆண்கள் நாளைக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். உடல் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால் அவர்களுடைய ஒரு நாள் ஆற்றல் செலவும் அமெரிக்காவில் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரின் செலவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. ஓரிடத்தில் கூடுதலாகச் செலவழித்தால் உடம்பு வேறோர் இடத்தில் மிச்சம் பிடிக்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம். எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாதம் நடக்கிறது. மிச்சம் பிடிக்கிறது என்பதை நாமே பார்க்கலாம்: காலையில் மலையேறிய அன்று மதியம் முழுக்கச் சோபாவை விட்டு எழுந்திருக்க மனம் வருவதில்லை, மாடிக்குப் போகவும் மகனைத்தான் அனுப்புகிறோம்.

இவ்வளவு தெளிவாக இருந்தும் இந்த நம்பிக்கை ஏன் சாகவில்லை? அது சிலருக்கு வசதியாக இருப்பது ஒரு காரணம். 2015-இல் அமெரிக்காவில் விஞ்ஞானிகளின் அமைப்பு ஒன்று, மக்கள் உணவைப் பற்றியே அதிகம் கவலைப்படுகிறார்கள், உடற்பயிற்சியைப் பற்றிப் போதிய அளவு பேசுவதில்லை என்று பிரசாரம் செய்தது. அதற்குப் பணம் கொடுத்தது கோகோ கோலா நிறுவனம் என்பதை அந்த ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அமைப்பு கலைக்கப்பட்டது. பாட்டிலில் இருக்கும் சர்க்கரையைப் பற்றிப் பேச வேண்டாம், நீங்கள் ஓடாததுதான் குற்றம் என்ற வாதம் யாருக்கு லாபம் என்பது இதில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஓட்டப் பந்தயத்துக்குக் குளிர்பானக் கம்பெனி பதாகை கட்டும்போதெல்லாம் எனக்கு இந்த விஷயம் நினைவுக்கு வருகிறது.

இன்னொரு காரணம் நம் வீட்டுப் பேச்சு. "எங்க தாத்தா ஒரு படி சோறு சாப்பிடுவார், வயிறு ஒட்டிக் கிடக்கும். உழைச்சார், அதான்" என்பார்கள். தாத்தா உழைத்தார், சந்தேகமில்லை. ஆனால் அவர் ஒரு படி சோறு சாப்பிட்டது எத்தனை நாள்? மழை பொய்த்த வருஷம், ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற வருஷம், விதைப்புக்கும் அறுப்புக்கும் நடுவில் கூழோடு ஓட்டிய மாதங்கள் எல்லாம் அந்தக் கதையில் வருவதில்லை. எண்ணெய் செட்டாக அளந்து வந்தது. இனிப்பு தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும்தான். மாலை நாலு மணிக்குப் பஜ்ஜி, ஒன்பது மணிக்கு வாசலில் வந்து நிற்கும் பிரியாணிப் பொட்டலம் ஆகிய எதுவும் இல்லை. அவரை ஒல்லியாக வைத்திருந்ததில் வயலுக்குப் பங்கு உண்டு. அவர் வீட்டு வெறும் பானைக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு. அந்த வறுமை திரும்பி வரக்கூடாது. ஆனால் அதை மறைத்துவிட்டு உழைப்பை மட்டும் எடுத்துக் காட்டுவது வரலாறு ஆகாது.

சரி, தட்டுக்கு வருவோம். இங்கேயும் ஒரு பிழை நிலைத்துப் போயிருக்கிறது. எடையைக் குறைக்க வேண்டும் என்றதும் தமிழர் வீட்டில் அரிசிச் சோறு குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறது. இரவு சப்பாத்தி, மைசூர்ப் பக்கம் என்றால் முத்தெ என்று இங்கே சொல்லும் ராகிக் களி. ராகி நல்ல தானியம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி நூறு கிராமில் 364 மில்லிகிராம் கால்சியம், பதினோரு கிராம் நார்ச்சத்து. அரிசியில் நார்ச்சத்து மூன்று கிராமுக்கும் குறைவு. ஆனால் கலோரியைப் பாருங்கள்: அரிசி 356, ராகி 320. வித்தியாசம் பத்தில் ஒரு பங்கு. புரதத்தில் ராகி அரிசியைவிடக் கொஞ்சம் குறைவே. இரண்டு கரண்டிச் சோற்றுக்குப் பதில் இரண்டு பெரிய உருண்டை முத்தெ சாப்பிட்டால் தானியத்தின் பெயர் மாறியிருக்கிறது, அளவு மாறவில்லை. சென்னையில் டாக்டர் மோகனின் நீரிழிவு ஆய்வு நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக (ஐசிஎம்ஆர்) நாடு முழுக்க நடத்திய ‘இண்டியாப்’ (INDIAB) கணக்கெடுப்பிலிருந்து 2025-இல் வந்த கட்டுரை இதையே பெரிய அளவில் சொல்கிறது. இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்திலிருந்து 12 சதவீதம்தான். மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ என்று மாற்றிக்கொண்டவர்களுக்கு நீரிழிவு ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை.

எந்தத் தானியம் என்பதில் இத்தனை சண்டை போடுகிறவர்கள் எவ்வளவு தானியம் என்று கேட்பதில்லை. ஒரு சாதாரண மதியச் சாப்பாட்டைக் கிட்ட இருந்து கவனியுங்கள். முதலில் சாம்பாருக்கு ஒரு ரவுண்டு சோறு, பிறகு ரசத்துக்கு, பிறகு தயிருக்கு. கரண்டி ஒவ்வொரு முறையும் குவிந்துதான் வருகிறது. ஓரத்தில் கட்டை விரல் அளவுக்கு உருளைக்கிழங்கு வறுவல், ஓர் அப்பளம், ஊறுகாய். பருப்பு என்று இருப்பது சாம்பாரில் அடியில் தங்கியதுதான், அதையும் கரண்டி தொடுவதில்லை. தட்டில் முக்கால் பங்கு சோறு. இந்தத் தட்டைச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கே பசிக்கிறது என்றால் அதில் ஆச்சரியம் இல்லை. வயிற்றில் நின்று பேசும்படி அதில் புரதமும் நாரும் இல்லை. நாலு மணிக்குச் சுருமுரியும் போண்டாவும் அதனால்தான் கூப்பிடுகின்றன.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது தட்டின் பங்கீட்டை மாற்றுவது மட்டுமே. அரிசியை விடவேண்டாம். மூன்று ரவுண்டை இரண்டாக்குங்கள். ஒழிந்த இடத்தில் காயும் பருப்பும் வரட்டும். தட்டில் பாதி காய், கீரை, பழமாக இருக்கட்டும் என்றுதான் 2024-இல் வந்த ஐசிஎம்ஆர் வழிகாட்டி நெறிகளும் சொல்கின்றன. இதற்கு ஓட்ஸும் அவகாடோவும் தேவையில்லை, மைசூர்ச் சமையலறையிலேயே எல்லாம் இருக்கிறது. கீரையையும் பயறையும் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் குழம்பாக்கி, மீந்ததைத் தாளித்துப் பொரியலாக்கும் பஸ்ஸாரு இந்த வட்டாரத்தின் அன்றாடச் சாப்பாடு. முத்தெயைப் பாதியாக்கி அந்தப் பொரியலை இரண்டு மடங்காக்கினால் போதும். ஊறவைத்த பாசிப்பருப்பும் வெள்ளரிக்காயும் சேர்ந்த கோசம்பரியை ராம நவமிக்கு மட்டும் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? மொச்சை வரும் மாதங்களில் மொச்சை, மற்ற நாளில் கொண்டைக்கடலைச் சுண்டல், சாப்பிடுகிறவர்களுக்கு முட்டையும் மீனும், சாப்பாட்டுக்கு ஒரு கிண்ணம் கெட்டித் தயிர். எண்ணெயைப் புட்டியிலிருந்து நேராகச் சாய்க்காமல் கரண்டியில் அளந்து ஊற்றுங்கள். ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும்.

இப்படிச் செய்தால் மாதத்துக்கு எத்தனை கிலோ குறையும் என்பது அடுத்த கேள்வி. ஒன்று, ஒன்றரை, சில மாதம் ஒன்றுமே இல்லை. இதைச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது, ஏனென்றால் முப்பது நாளில் பத்து கிலோ என்ற பலகை எல்லாத் தெருவிலும் தொங்குகிறது. அந்தப் பலகைக்கு எதிராக எனக்குத் தெரிந்த வலுவான சான்று, அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த எடைக்குறைப்புப் போட்டி ஒன்றைப் பற்றியது. போட்டியாளர்கள் முப்பது வாரத்தில் சராசரியாக 58 கிலோ குறைத்தார்கள். அவர்களில் பதினான்கு பேரை ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு ஆறு ஆண்டு கழித்துப் பரிசோதித்து 2016-இல் எழுதியது: சராசரியாக 41 கிலோ திரும்பி வந்துவிட்டது. அதைவிடக் கொடுமை, ஓய்வில் இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கும் ஆற்றல், அந்த எடையுள்ள ஒருவருக்கு இருக்க வேண்டியதைவிட நாளைக்கு சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. பட்டினியை உடம்பு மறக்கவில்லை. ஆகவே எழுபத்தைந்து கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் நாலைந்து கிலோ குறைத்து, அடுத்த ஆண்டும் அங்கேயே நின்றால், அதுதான் நான் மதிக்கும் வெற்றி. 2002-இல் முடிவு வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு வைத்த இலக்கும் ஏழு சதவீதம்தான். அந்த ஏழு சதவீத இலக்கும் வாரம் 150 நிமிட நடையும் சேர்ந்து நீரிழிவு வரும் வாய்ப்பை 58 சதவீதம் குறைத்தன.

ஹால் குழு பரிசோதித்த அதே போட்டியாளர்களிடம்தான் உடற்பயிற்சியின் உண்மையான இடமும் தெரிந்தது. குறைத்ததைக் காப்பாற்றிக்கொண்டவர்களும் இழந்தவர்களும் எதில் வேறுபட்டார்கள் என்று 2017-இல் பார்த்தபோது, காப்பாற்றியவர்கள் தங்கள் அன்றாட உடலியக்கத்தை இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூட்டியிருந்தார்கள். குறைப்பது சாப்பாட்டின் வேலை, குறைத்த இடத்தில் நிறுத்துவது பயிற்சியின் வேலை. அதிலும் எடை தூக்கும் பயிற்சிக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். சாப்பாட்டை மட்டும் குறைத்து இளைப்பவர்கள் கொழுப்போடு தசையையும் இழக்கிறார்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு அந்த இழப்பு எலும்பு முறிவில் போய் முடியலாம். வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து கைபிடிக்காமல் எழுந்திருப்பது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இரண்டு தண்ணீர்ப் பாட்டில்களைத் தலைக்குமேல் தூக்குவது என்று தொடங்கினால் போதும். எங்கள் பக்கத்து மாமிகளிடம் இதைச் சொன்னால், "அதெல்லாம் ஆம்பளைப் பசங்களுக்கும்மா, நமக்கு வாக்கிங் போதும்" என்கிறார்கள். தவறு. அந்தப் பயிற்சி யாரைவிடவும் அவர்களுக்குத்தான் தேவை.

யோகத்தைப் பற்றிப் பேசாமல் மைசூரில் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1933-இல் ஜகன்மோகன் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தினார். பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவரிடம் கற்றவர்கள். அவர் பிற்பாடு சென்னைக்குக் குடிவந்து 1989-இல் காலமானார். 2017 ஜூன் 21 அன்று மைசூர்க் குதிரைப் பந்தய மைதானத்தில் 55,506 பேர் சேர்ந்து ஆசனம் செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். இந்த மரபின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதனால்தான் யோகா என்றால் தொப்பை குறையும் வகுப்பு என்று அதைச் சுருக்கி விற்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. ஒரு மணி நேர ஆசனப் பயிற்சியில் செலவாகும் கலோரி மெதுவான நடையை ஒட்டியதுதான். வளையும் முதுகு, நிலையான கால், சீரான மூச்சு, இரவில் தூக்கம் ஆகியவற்றுக்காக யோகம் செய்யுங்கள், அது கொடுக்கும். கிலோவைக் கேட்டால் அதனிடம் இல்லை.

கிலோ என்ற அளவுகோலே நம் உடம்புக்கு அரைகுறையானது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யட்கினும் 2004-இல் லான்செட் இதழில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரு படம் வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒரே 22.3. யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. ஒல்லியாகத் தெரியும் இந்தியனின் வயிற்றுக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 80-க்கும் மேலே போனால் எடை இயந்திரம் என்ன சொன்னாலும் கவனிக்க வேண்டும். அதற்கு ஒரு தையல்காரர் டேப் போதும்.

"உடற்பயிற்சியால் எடை குறையாது என்று எழுதினால், இருக்கிற நாலு பேரும் நடப்பதை விட்டுவிடுவார்கள்" என்று ஒரு நண்பர் என்னை எச்சரித்தார். நல்லெண்ணத்தோடு சொல்லும் இந்த வாதத்தைத்தான் நான் எல்லாவற்றையும்விட வன்மையாக மறுக்கிறேன். பொய்யான வாக்குறுதி கொடுத்து நடக்க வைத்ததால்தானே அவர்கள் மூன்றாம் மாதம் விட்டுவிடுகிறார்கள்? சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேர் கலந்துகொண்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுக்குள் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. தினமும் அரை மணி நேரமாவது நடந்து, சாப்பாட்டையும் திருத்திக்கொள்ளும்படி தொடர்ந்து ஊக்குவிக்கப்பட்டவர்களில் அது 39 சதவீதம். இந்த இரண்டாவது கூட்டத்தாரின் எடை ஏறத்தாழ அப்படியே இருந்தது. எடை இயந்திரத்தை மட்டும் பார்த்திருந்தால் அவர்களும் தோற்றவர்கள்தான். உள்ளே தசைகள் சர்க்கரையை முன்னைவிட நன்றாக வாங்கிக்கொள்ளத் தொடங்கியிருந்தன, அதை எந்த முள்ளும் காட்டாது.

ஆகவே நடக்கச் சொல்லும் மருத்துவர்கள், கூடவே எடை இயந்திரத்தைக் காட்டாமல், தொடங்கும் அன்று இடுப்பளவும் இரத்த அழுத்தமும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் எழுதிக் கொடுக்கட்டும். தட்டில் என்ன இருக்கிறது என்று இரண்டு நிமிடம் கேட்கட்டும். மூன்று மாதம் கழித்து அதே அளவுகளை மறுபடி எடுத்து, இரண்டு தாளையும் நோயாளியின் கையில் கொடுக்கட்டும். ஏரிக்கரையை விட்டுப் போனவர்களில் பலர் அந்த இரண்டாவது தாளைப் பார்த்திருந்தால் போயிருக்க மாட்டார்கள்.